கத்தரித்த அல்பாகா உரோமம்: தண்ணீரில் போடுவதற்கு முன்

ஒவ்வொரு நவம்பரும் தங்கச்சியிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் அழைப்பு வரும். அவள் ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்துப் பல்லராட் நகருக்கு வெளியே கொஞ்சம் காணியோடு இருக்கிறாள். கோழிகளை நரி தூக்காமல் இருக்க, ஒட்டகத்துக்கு உறவான அல்பாகா என்ற உரோம விலங்குகள் மூன்றை வளர்க்கிறாள். நரியைக் கண்டால் துரத்தும் குணம் அதுகளுக்கு உண்டு. முதல் வருடம் அவள் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: "அக்கா, உரோமம் வெட்டியாச்சு. கராஜ் முழுக்கப் பையாக் கிடக்கு. இனி இதை என்ன செய்யிறது?"

எனக்கும் அப்போது தெரியாது. கொழும்பு வெள்ளவத்தையில் நான் பின்னல் வேலை சொல்லிக் கொடுப்பவள். நூல் கடையிலிருந்து வரும் என்ற அளவோடு என் அறிவு நின்றிருந்தது. பிறகு இரண்டு கத்தரிப்புக் காலங்களில் அங்கே போய் நின்று, அவளோடு சேர்ந்து கைகளால் செய்து பழகினேன். இப்போது கொழும்பில் என்னிடம் பின்னல் பழக வருபவர்களிலும் இரண்டு பேருக்கு வெளிநாட்டு உறவினர் வீட்டில் அல்பாகா நிற்கிறது. அவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அதனால் தொடக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கத்தரித்த உரோமத்தைக் கழுவ அவசரப்படாதீர்கள். புழுதியும் சாணியுமாக அதைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் கை வாளியைத்தான் தேடும். ஆனால் நனைந்த பின் சாணி கரைந்து நல்ல உரோமத்திலும் ஏறிவிடும், வைக்கோல் துரும்பு இழைக்குள் பின்னிக்கொள்ளும், தடித்த மயிரும் மெல்லிய மயிரும் கலந்து போகும். பிறகு பிரிக்கவே முடியாது. வேலையில் பெரும்பங்கு காய்ந்த உரோமத்தில்தான் நடக்க வேண்டும்.

அல்பாகா ஒட்டகக் குடும்பத்து விலங்கு. தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைகள் அதன் ஊர். உலகில் உள்ளவற்றில் பெரும்பாலானவை இன்றும் பெருவில்தான் நிற்கின்றன. இரண்டு வகை உண்டு. ஹுவாகாயா பஞ்சு உப்பியது போல இருக்கும். சூரியின் உரோமம் சுருள் சுருளாகத் தொங்கும், பட்டுப் போல மினுங்கும். தங்கச்சியிடம் இருப்பவை ஹுவாகாயா, ஆகவே நான் சொல்வதும் அதைப் பற்றியே. வருடத்தில் ஒருமுறை, கோடை தொடங்க முன் கத்தரிப்பார்கள். கத்தரிக்காமல் விட்டால் வெக்கையில் விலங்கு தவித்துப் போகும். வளர்ந்த ஒன்றிலிருந்து ஏறக்குறைய 2, 3 கிலோ உரோமம் வரும்.

செம்மறி ஆட்டுக் கம்பளியோடு பழகியவர்களுக்கு ஒரு வித்தியாசம் உடனே தெரியும். ஆட்டு உரோமத்தைத் தொட்டால் கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டும். லனோலின் என்ற மெழுகுக் கொழுப்பு அது. அல்பாகாவில் அந்தப் பிசுக்கு மிகக் குறைவு. ஆனால் இந்த விலங்குக்கு மண்ணில் புரள்வது என்றால் அவ்வளவு விருப்பம், அதனால் உரோமம் முழுக்கப் புழுதி. கொழுப்பு குறைவு என்பதால் கொதிநீரும் கடுமையான சவர்க்காரமும் தேவையில்லை. புழுதி இருப்பதால் உதறலும் பொறுமையும் தேவை.

பிரிக்கும் வேலை கத்தரிக்கும் நாளிலேயே தொடங்குகிறது. கத்தரிப்பவர் வந்து விலங்கைப் பாயில் கிடத்தி, கால்களைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, பத்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டு அடுத்த பண்ணைக்குப் போய்விடுவார். அந்தப் பத்து நிமிடத்தில் பக்கத்தில் ஆள் நின்று மூன்று பைகளில் ஏந்த வேண்டும். முதுகும் விலாவும் சேர்ந்த பகுதிதான் முதல் தரம். போர்வை போல ஒரே விரிப்பாகக் கழன்று வரும், அதைப் போர்வை என்றே சொல்வோம். கழுத்து உரோமம் இரண்டாம் தரம். அதுவும் மென்மைதான், ஆனால் இழை குட்டை. கால், வயிறு, நெஞ்சு, வால் எல்லாம் மூன்றாம் தரம், தடித்த மயிர். ஒவ்வொரு பையிலும் விலங்கின் பெயர், பகுதி, திகதி மூன்றையும் எழுதிவிடுங்கள். முதல் வருடம் எழுதாமல் விட்டு, எந்தப் பை எதனுடையது என்று நாங்கள் ஒரு முழு மாலை தடவிக்கொண்டிருந்தோம்.

அடுத்தது பொறுக்குதல். ஆங்கிலம் பேசும் பண்ணைக்காரர் 'ஸ்கேர்ட்டிங்' என்பார்கள். இதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு சுளகை விட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை. அம்மம்மா விறாந்தையில் இருந்து அரிசி புடைத்துக் கல்லும் நெல்லும் பொறுக்கியதைக் கண்டவர்களுக்கு இந்த வேலை புரிந்துவிடும். தங்கச்சி ஒரு பழைய கட்டில் சட்டத்தில் கோழி வலையை இழுத்து அடித்து மேசை செய்திருக்கிறாள். போர்வையை அதன் மேல், வெட்டுப்பக்கம் கீழே இருக்க, விரித்துப் போடுவோம். இரண்டு பேராக ஓரத்தைப் பிடித்து மெதுவாக உதறினால் வலைக்குள்ளால் புழுதி கொட்டும். புழுதியோடு அரை அங்குல நீளத் துணுக்குகளும் விழும். கத்தரிப்பவர் ஒரே இடத்தில் இரண்டாம் முறை கத்தரியை ஓட்டும்போது விழுந்த துண்டுகள் அவை. அவற்றை விட்டுவிட்டால் நாளைக்கு நூலில் முடிச்சு முடிச்சாக நிற்கும்.

உதறிய பிறகு ஓரத்தைச் சுற்றி வாருங்கள். சாணி ஒட்டிய நுனி, சடை விழுந்த இடம், கறை படிந்த இடம் எல்லாவற்றையும் பிய்த்துக் கழிக்க வேண்டும். ஓரத்தில் ஒரு சாண் அகலம் போனாலும் கவலைப்பட வேண்டாம். நடுவே வைக்கோலும் புல்விதையும் இருக்கும். விதைகளில் சில முள்ளாக இழையைப் பற்றியிருக்கும், அதை விரலால்தான் எடுக்க வேண்டும். கடைசியாக, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக, நேராக, மற்றதை விட நீண்டு நிற்கும் மயிர் தட்டுப்பட்டால் அது தடித்த வெளி மயிர், அதையும் எடுங்கள். பெருவில் அரெக்கிப்பா நகரத்து ஆலைகளில் இன்றும் பெண்கள் வரிசையாக நின்று கையால் தடவித்தான் தரம் பிரிக்கிறார்கள். நாலு போர்வை தடவினால் நம் விரலுக்கும் கொஞ்சம் விளங்கத் தொடங்கும். இதைச் செய்யும்போது முகக்கவசம் போடுங்கள். புழுதி அவ்வளவு பொல்லாதது.

ஒரு போர்வைக்கு எனக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும். கழிக்கக் கழிக்க மனம் நோகும், இவ்வளவையும் எறிவதா என்று. எறியத் தேவையில்லை, அது வேறு வேலைக்கு ஆகும், பின்னால் சொல்கிறேன். ஆனால் நூலுக்குப் போகும் குவியலில் இரக்கம் காட்டாதீர்கள்.

பொறுக்கி முடிந்ததும் இழையின் பலத்தைச் சோதியுங்கள். பென்சில் தடிப்பில் ஒரு கற்றையை எடுத்து, இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்து, காதோரம் வைத்துச் சட்டென்று இழுத்து விடுங்கள். வீணைத் தந்தியைச் சுண்டியது போல 'டிங்' என்றால் நல்லது. காய்ந்த சருகு நொறுங்குவது போலச் சத்தம் வந்தாலோ, கற்றை நடுவே அறுந்தாலோ, அந்த வருடத்தில் விலங்கு நோயோ பட்டினியோ பட்டிருக்கலாம். அந்த நாட்களில் வளர்ந்த இடத்தில் இழை மெலிந்து போயிருக்கும். அப்படிப்பட்டதை நூலாக்க மினக்கெட வேண்டாம், எவ்வளவு மென்மையாக இருந்தாலும்.

மென்மையை மைக்ரோனில் அளப்பார்கள். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெருவின் தரப்படி 23 மைக்ரோன் வரை மெல்லியதை 'பேபி' என்கிறார்கள், 31.5 தாண்டினால் அது தடித்த தரம். 'பேபி அல்பாகா' என்ற லேபிளைப் பார்த்துக் குட்டியின் உரோமம் என்று நினைப்பவர்கள் அநேகம். அது வயதின் பெயர் அல்ல, தடிப்பின் பெயர். 30 மைக்ரோனுக்கு மேற்பட்ட மயிர் தோலில் வளையாமல் குத்தும். கழுத்தில் அரிக்கும் கம்பளியில் நடப்பது அதுதான். உங்களிடம் அளக்கும் கருவி இருக்காது, தேவையும் இல்லை. கற்றையைக் கழுத்தோடு வைத்து ஐந்து நிமிடம் இருங்கள். அரித்தால் அது கழுத்துத் துண்டுக்கு ஆகாது, பைக்கும் விரிப்புக்கும் ஆகும்.

இனித்தான் தண்ணீர். என் கையால் கெட்ட ஒரு உரோமத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. வெள்ளைக் குட்டி ஒன்றின் முதல் கத்தரிப்பு அது. ஒரு விலங்கின் வாழ்நாளில் மிக மெல்லிய உரோமம் முதல் கத்தரிப்பில்தான் பெரும்பாலும் வரும். நான் அதை வெந்நீரில் போட்டு, சீலை கழுவுவது போல அலசி, குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். ஐந்து நிமிடத்தில் வாளிக்குள் பலகை போல ஒரு கட்டி. விரலால் பிய்க்கப் பிய்க்க இழை அறுந்ததே தவிரப் பிரியவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

நடந்தது இதுதான். ஒவ்வொரு மயிரின் மேலும் மீன் செதிள் போல நுண்ணிய செதிள்கள் உண்டு. அல்பாகாவில் அவை ஆட்டுக் கம்பளியை விடத் தாழ்வானவை, அதனால்தான் இவ்வளவு வழுவழுப்பு. இருந்தாலும் சூடு, சவர்க்காரம், அலசல் மூன்றும் சேர்ந்தால் செதிள் ஒன்றோடொன்று கொளுவிச் சடை பிடித்துவிடும். பிறகு எந்தச் சீப்பும் எடுக்காது.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். உள்ளாடை கழுவும் வலைப்பையில் 100 அல்லது 150 கிராம் உரோமத்தைத் தளர்வாகப் போடுங்கள். வாளியில் முதலில் தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். 50 பாகை செல்சியஸ் அளவு சூடு போதும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு மேசைக்கரண்டி விட்டு, நுரை கிளப்பாமல் கலந்து, பையை மேலே வைத்து மெதுவாக அமிழ்த்துங்கள். அதன் பிறகு கையை எடுத்துவிட வேண்டும். இருபது நிமிடம் அப்படியே கிடக்கட்டும். தண்ணீர் கடுஞ்சாயப் பிளேன்ரீ நிறத்துக்கு வரும். ஆறிப் போக முன் பையைத் தூக்கி, பிழியாமல் உள்ளங்கையால் அழுத்தி வடித்து, இதே சூட்டில் தயாராக இருக்கும் அடுத்த வாளிக்கு மாற்றுங்கள். சூட்டிலிருந்து குளிருக்குச் சட்டென்று போனாலும் சடை பிடிக்கும் என்பதால் கடைசிவரை ஒரே சூடு. சவர்க்காரத் தண்ணீர் இரண்டு முறை, வெறும் தண்ணீர் இரண்டு மூன்று முறை. கடைசித் தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி விட்டால் சவர்க்காரப் பிசுக்கு போய்விடும். எந்தக் கட்டத்திலும் குழாயை உரோமத்தின் மேல் திறக்காதீர்கள்.

துவாயில் சுற்றி அழுத்தியோ, வொஷிங் மெஷினில் சுழற்சியை மட்டும் ஓடவிட்டோ நீரை எடுக்கலாம். பிறகு வலையில் பரப்பி நிழலில், காற்று மேலும் கீழும் போகும் இடத்தில் காயவிடுங்கள். பல்லராட்டின் கோடை வெக்கையில் ஒரே நாளில் காய்ந்துவிடும். கொழும்பில் அப்படி இல்லை. காற்றில் ஈரப்பதம் 70, 80 வீதம் நிற்கும் ஊர் இது. தொட்டால் காய்ந்தது போல இருக்கும் உரோமம் உள்ளே ஈரமாக இருக்கும். மூன்று நாள், ஒரு மின்விசிறி, தினமும் ஒருமுறை புரட்டல் என்று கணக்கு வையுங்கள். இங்கே செய்வதானால் சனவரி, பெப்ரவரிதான் தோதான மாதங்கள்.

இன்னொரு விஷயம். கழுவாத உரோமத்தைப் பெட்டியில் போட்டு இலங்கைக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள். கழுவாத விலங்கு உரோமம் நோய்க்கிருமியையும் களைவிதையையும் சுமக்கும், ஆகவே அது கால்நடைத் தனிமைப்படுத்தல் சம்பந்தமான பொருள். அங்கேயே பொறுக்கி, கழுவி, சீவி முடித்துவிட்டு, அதற்கும் அனுமதி வேண்டுமா என்று இங்குள்ள விலங்குத் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கேட்க முன் நீங்களே அறிவித்துவிடுங்கள். நூலாகவே கொண்டுவருவது இன்னும் நல்லது. ஆஸ்திரேலியாவில் ஒரு சில கிலோவையும் எடுத்து நூற்றுத் தரும் சிறிய ஆலைகள் உண்டு. கையால் நூற்க நேரமில்லாதவர்கள் அங்கே கொடுக்கலாம். அவர்களும் முதலில் கேட்பது, வடிவாகப் பொறுக்கியிருக்கிறதா என்றுதான்.

சீவுவதற்கு நாய்க்கு மயிர் வாரும் கம்பிச் சீப்பு இரண்டு போதும். ஒன்றில் கொஞ்சமாக உரோமத்தை ஏற்றி, மற்றதால் மேலோட்டமாக இழுங்கள். கம்பியோடு கம்பி உரசக்கூடாது. நாலைந்து இழுவையில் இழைகள் ஒரு திசைக்கு வந்து முகில் போல நிற்கும். அதைச் சுருட்டி எடுத்தால் நூற்கத் தயார்.

நான் நூற்பது கைக்கதிரில், நூலில் தொங்கிச் சுழலும் சிறு தண்டு அது. பருத்திக்கு என்று வந்த தக்கிளி நம் வீடுகளில் சிலதில் இன்னும் கிடக்கும், அதிலேயே தொடங்கலாம். பருத்தி இழை குட்டை, இரண்டு கையும் கிட்டக் கிட்ட இருக்கும். அல்பாகா இழை 8 முதல் 12 சென்ரிமீற்றர் வரை வரும். இரண்டு கைக்கும் இடையே அந்த நீளத்துக்கு மேல் இடைவெளி விடாவிட்டால் ஒரே இழையின் இரண்டு முனையையும் நீங்களே பிடித்து இழுத்துக்கொண்டிருப்பீர்கள், அது அசையாது. அந்த இடைவெளியைக் கண்டுபிடித்த மாலை எனக்கு மறக்காது. வெள்ளவத்தை பல்கனியில், கீழே கடற்கரைப் பாதையில் ரயில் போய்க்கொண்டிருக்க, அதுவரை அறுந்து அறுந்து விழுந்த கதிர் திடீரென்று தரைவரைக்கும் இறங்கியது. விரலுக்கிடையில் இழை வழுக்கிக்கொண்டு போன உணர்வு இப்போதும் இருக்கிறது. வழுக்குவதால் முறுக்கு கொஞ்சம் கூடுதலாக வேண்டும், இல்லாவிட்டால் நூல் தானே பிரிந்துவிடும். ஆனால் மிதமிஞ்சினால் கயிறு. இரண்டு நூலை எதிர்த்திசையில் முறுக்கி இருபிரியாக்கி, சிட்டமாகச் சுற்றி, வெந்நீரில் ஊறவைத்து, பாரம் கட்டாமல் தொங்கவிட்டால் முறுக்கு நிலைத்துவிடும்.

தனி அல்பாகா நூலுக்கு ஒரு குணக்கேடு உண்டு: மீள்வு இல்லை. அதில் பின்னிய சட்டையைத் தொங்கவிட்டால் நாளுக்கு நாள் நீளும். சீவும்போதே 20, 30 வீதம் ஆட்டுக் கம்பளி கலந்தால் நூலுக்கு உயிர் வரும். இந்தக் கலக்கும் அறிவு பழையது. இங்கிலாந்தில் பிராட்போர்ட் ஊர்க்காரர் டைட்டஸ் சோல்ட் 1836இல் லிவர்பூல் களஞ்சியமொன்றில் யாரும் வாங்காமல் கிடந்த அல்பாகா மூட்டைகளைக் கண்டார். அவருடைய ஆலை பருத்தியை நீளப் பாவாகவும் அல்பாகாவைக் குறுக்கு ஊடாகவும் போட்டு நெய்த துணி மெல்லியதாகவும் பளபளப்பாகவும் அமைந்து பெரும் பெயர் எடுத்தது. புதுக்கடை நீதிமன்றத்தில் பிரக்கிராசியாக, அதாவது வழக்கறிஞராக, இருந்த என் தாத்தாவின் கறுப்புக் கோட்டும் அல்பாகாத் துணிதான். இந்த வெக்கையிலும் அவர் அதைத்தான் போட்டுக்கொண்டு போவார் என்று அம்மா சொல்லுவா. அந்தத் துணியின் பெயர் ஒரு விலங்கின் பெயர் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

கொழும்புக்கு அல்பாகா ஸ்வெட்டர் பின்னாதீர்கள், போடவே முடியாது. ஏசி அறையில் தோளில் போட மெல்லிய சால்வை, நுவரெலியாப் பயணத்துக்குத் தொப்பி, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கழுத்துத் துண்டு, இவைதான் பயன்படும். வெள்ளை உரோமம் என்றால் சாயமும் ஏற்றலாம். படிகாரத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு, பலாமரத் தூளை வேகவைத்த சாறில் கொதிக்கவிடாமல் சூடாக்கினால் நல்ல மஞ்சள் வரும். கறி மஞ்சளும் பிடிக்கும், ஆனால் வெய்யிலில் வெளிறிவிடும். பழுப்பும் சாம்பலும் கறுப்புமாக இயற்கையிலேயே இத்தனை நிறம் இருக்க, எனக்குச் சாயத்தில் அவ்வளவு நாட்டம் இல்லை.

கழித்து ஒதுக்கிய மூன்றாம் தரத்துக்கு வருவோம். கழுவியது தலையணைக்கும் பொம்மைக்கும் உள்ளே அடைக்க நல்லது. முள்ளூசியால் குத்திக் குத்திச் சடையாக்கி உருண்டை, பை, சூடான பாத்திரம் வைக்கும் தட்டு செய்யலாம். இங்கே சடை நமக்கு உதவி. சாணி ஒட்டியதைத் தங்கச்சி மரங்களின் அடியில் பரப்பி மேலே மண் போடுகிறாள். ஈரத்தைப் பிடித்துவைத்து மெல்ல உக்கி நைதரசன் கொடுக்கும். குருவிக் கூட்டுக்கு என்று நீள உரோமத்தை வெளியே தொங்கவிட வேண்டாம், குஞ்சுகளின் காலில் சுற்றிவிடும்.

மீதியைச் சேமிக்கும்போது இரண்டு எதிரிகள்: பூஞ்சணமும் அந்துப்பூச்சியும். அந்தின் புழு உரோமத்தையே தின்று வளரும், அழுக்கு உரோமம் என்றால் அதற்கு இன்னும் விருப்பம். நன்றாகக் காய்ந்ததைப் பருத்தி உறையில் போட்டு அலுமாரியில் காற்றுப்படும் தட்டில் வையுங்கள். சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பூச்சி இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி டீப் ஃபிரீசரில் இரண்டு கிழமை விடுங்கள். எடுத்தவுடன் பையைத் திறக்கக்கூடாது. நம் ஊர்க் காற்று குளிர்ந்த உரோமத்தில் பட்டால் உடனே வியர்த்து நனைந்துவிடும். ஒரு நாள் வெளியே வைத்து, பையின் வெளிப்பக்கம் காய்ந்து சூடு சமமான பிறகுதான் முடிச்சை அவிழ்க்க வேண்டும். என் அலுமாரியில் இப்போது 'பிறவுண், கழுத்து' என்று தங்கச்சியின் கையெழுத்தில் ஒரு உறை இருக்கிறது. இரண்டாவது மாதமும் திறந்து மணந்து பார்த்தேன். காய்ந்த புல் வாசம்தான் வந்தது.